நின்றால் தெரிவாய், நடந்தால் மறைவாய்!

"சார், எங்க நிலமும் போகுதா?"

மார்கழி மாச ராத்திரி, மணி ஒன்பதே முக்கால். ஒரகடம் கூட்டு ரோட்டுப் பக்கம் முக்காலியை விரித்து, அதன் மேல் இரவல் கேமராவை ஏற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஒரு பெரியவர். தலையில் மஃப்ளர், கையில் பால் தூக்கு, முகம் நிறையக் கவலை.

"நிலமா? இல்லீங்க ஐயா, போட்டோ எடுக்கிறேன்."

"மூணு கால் நட்டு வெச்சிருக்கீங்களே! பரந்தூர் பக்கமும் இப்படித்தான் மூணு காலோட வந்தாங்களாம்."

அவர் பயம் அவருக்கு. பரந்தூரில் புது விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்ததிலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் முக்காலி என்றாலே சர்வேயர்தான். கேமராவின் முதுகுப் பக்கத் திரையைக் காட்டி, சத்தியம் செய்து, ஒருவழியாக நம்ப வைத்தேன். அவர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, பஸ்ஸையே காணோம். வெறும் கோடா கிடக்கு. அதுவும் ஆட்டம் காணுது!"

ஒரே பார்வையில் என் பிரச்னையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் மனிதர்.

எனக்கு வேண்டியது அந்தக் கோடுதான். 'நைட் ஷிஃப்ட் பஸ்களைப் பற்றி எழுதுங்கள். கூடவே ஒரு படம். பஸ் விளக்குகள் எல்லாம் ரிப்பன் மாதிரி ஓட வேண்டும்' என்று ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார். ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்தால் ரிப்பன் தயார் என்று நண்பன் சொல்லிக் கொடுத்துத்தான் கேமராவையும் கொடுத்திருந்தான். டிரெய்லர் லாரி ஒன்று கடந்தால் பூமியே நடுங்கும் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. கார்களைச் சுமந்து வரும் கன்டெய்னர்கள், கன்டெய்னர்களைச் சுமந்து வரும் டிரெய்லர்கள்... ஏழு முறை எடுத்தேன். ஏழும் இதய நோயாளியின் ஈ.சி.ஜி.

வெறுத்துப் போய் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பையன். இருபத்து மூன்று வயது இருக்கலாம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் பன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவன், மெதுவாகத் தன் போனை நீட்டினான்.

"அண்ணா, நீங்க எடுக்கப் பார்த்தது இதுதானே?"

அசந்துவிட்டேன். இரவுச் சாலை. ஓரமாக நம்ம ஊர் அரசு பஸ் ஒன்று துல்லியமாக நிற்கிறது. அதை உரசிக்கொண்டு போகிற வெள்ளையும் சிவப்புமான ஒளிக் கோடுகள், பட்டு நூல் மாதிரி. ஆட்டமாவது, அசைவாவது!

"பிரமாதம்ப்பா! எந்த இடம்?"

"இந்தோனேசியா."

"எப்ப போயிட்டு வந்தே?"

"எங்கேயும் போகலண்ணா. ரூம்ல பாயில படுத்துக்கிட்டே எடுத்தேன். இது கேமு."

கேட்டில் ஒட்டும் ஸ்டிக்கர்

'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற மொபைல் விளையாட்டை உங்கள் வீட்டுப் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். மாலியோ என்கிற இந்தோனேசியக் கம்பெனி 2017-ல் வெளியிட்டது. பஸ் ஓட்டுவதுதான் விளையாட்டே. யாரையும் சுட வேண்டாம், யாரிடமிருந்தும் தப்பிக்க வேண்டாம். பஸ்ஸின் உருவத்தையும் நிறத்தையும் நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், நம்ம ஊர் இளைஞர்கள் அரசு விரைவுப் பேருந்து முதல் ஆம்னி பஸ் வரை அத்தனைக்கும் வேஷம் தைத்து வைத்திருக்கிறார்கள். ஜாவாத் தீவுச் சாலையில் 'விழுப்புரம்' போர்டு போட்ட பஸ் ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். சோழர் படையெடுப்புக்குப் பிறகு அந்தப் பக்கம் போன பெரிய தமிழ்ப் படை இதுதான்.

தம்பிக்குத் திருவண்ணாமலைப் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ. இங்கே ஒரு பாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) பயிற்சியாளர். மாத்தூரில் ஆறு பேர் சேர்ந்து ஓர் அறை. போட்டோ என்றால் உயிராம்.

"அப்புறம் ஏன்ப்பா கேமில் எடுக்கிறே? சுற்றிலும் இவ்வளவு இருக்கே!"

போனைத் திருப்பிக் காட்டினான். பின்பக்க கேமரா மேல் பிசின் கறை. "கேட்டுல உள்ளே போகும்போது கேமராவுல ஸ்டிக்கர் ஒட்டிருவாங்க. வெளியே வந்துதான் கிழிக்கணும். உள்ளே இருக்கிற எதையும் எடுக்கக் கூடாது. வெளியே வந்தா இருட்டிடும், இல்லேன்னா தூக்கம் வந்திடும். கேமுல மட்டும்தாண்ணா என்னை யாரும் எதையும் கேக்க மாட்டாங்க."

என்னைச் சர்வேயர் ஆக்கிய பெரியவரை நினைத்துக்கொண்டேன். பையன் சொல்வதில் நியாயம் இருந்தது.

பாலீஷ் போட நின்ற புண்ணியவான்

இவன் செய்த வித்தை புரிய வேண்டுமானால் முதலில் நிஜக் கேமராவை ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம்.

ஷட்டர் என்பது ஜன்னல் கதவு. திறந்திருக்கும் வரை வெளிச்சம் உள்ளே வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். நம்ம இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு கார் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 50 மீட்டர். கதவை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தால் அதற்குள் கார் நகர்வது 5 சென்டிமீட்டர்தான். சிலை மாதிரி விழும். இருபத்தைந்தில் ஒரு பங்கு திறந்தால் 2 மீட்டர் நகர்ந்துவிடும், படத்தில் இழுவிக்கொண்டு போகும். 30 விநாடி திறந்தால் காரே இருக்காது, விளக்கின் கோடு மட்டும் மிஞ்சும்.

1838-ல் பாரிஸ் நகரத்தில் டகேர் என்பவர் தன் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய கடைத்தெருவைப் படம் எடுத்தார். அன்றைய ரசாயனத் தகட்டுக்குச் சில நிமிஷங்களாவது வெளிச்சம் தேவை. தெருவில் குதிரை வண்டியும் ஜனமும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். படத்தில் தெரு காலி! நகர்ந்தவர்கள் அத்தனை பேரும் காற்றோடு போய்விட்டார்கள். ஓரத்தில் ஓர் ஆசாமி விழுந்திருக்கிறார். காலை நீட்டி ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தவர். போட்டோவில் பதிந்த முதல் மனிதர்களில் ஒருவர் என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அவர் செய்த சாதனை, அசையாமல் நின்றது.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். வீடியோ கேமில் ஷட்டர் கிடையாது, லென்ஸ் கிடையாது, வெளிச்சமே கிடையாது. எல்லாம் கணக்கு. விநாடிக்கு 30 அல்லது 60 படங்களைக் கம்ப்யூட்டர் வரைந்து தள்ளுகிறது. ஒவ்வொன்றும் காலமே ஓடாத ஒரு கணம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிற பஸ்ஸும் ஷெட்டில் நிறுத்திய மாதிரி இருக்கும். சக்கரத்தின் ஒவ்வொரு நட்டும் தெரியும். வேகத்துக்குச் சாட்சியே இருக்காது.

எனவே, கதவைத் திறந்து வைக்க முடியாத கேமராவில், நிறையப் படங்களை எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டிவிட வேண்டியதுதான். யோசனை பழசு. 1990-ல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த பால் ஹேபர்லி, கர்ட் ஏக்லி என்ற இருவர், ஒரே காட்சியை நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்திப் பல தடவை வரைந்து, கூட்டி, வகுத்தால் கேமரா போலவே அசைவு மங்கல் வரும் என்று காட்டி, அதற்கான வன்பொருளையும் விவரித்தார்கள். (இருங்காட்டுக்கோட்டை டிராக் திறந்ததும் அதே 1990-ல்தான். சும்மா ஒரு பொருத்தம்!)

பின்னால் வந்த கார் பந்தய விளையாட்டுகள் இதை வசதியாக்கின. 2004 கடைசியில் ஜப்பானில் வந்த 'கிரான் டூரிஸ்மோ' நான்காம் பாகத்தில் போட்டோ எடுக்கவென்றே தனி வழி வைத்து, ஷட்டர் வேகத்தையும் நாமே திருகிக்கொள்ள விட்டார்கள். இன்று பெரிய கேம்கள் பலவற்றில் 'போட்டோ மோட்' உண்டு. ஆனால் அவை காட்டும் மங்கல் பெரும்பாலும் ஒரு குறுக்கு வழி. எந்தப் புள்ளி எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கேமுக்குத் தெரியும், அந்தத் திசையில் சாயத்தை இழுத்துத் தடவிவிடும். கண் இமைக்கும் நேர மங்கலுக்கு அது போதும். அரை நிமிஷ ரிப்பன் வேண்டுமானால் கூட்டல்தான் கதி.

பி.காம். சும்மா போகவில்லை

தம்பி செய்ததைச் சொல்கிறேன். நீங்களும் இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம்.

முதல் காரியம், பஸ்ஸை ஓரம் கட்டு. நாம் ஓட்டினால் காட்சியும் கூடவே ஓடும். நின்றால் காட்சி நிலைக்கும், மற்ற வண்டிகள் மட்டும் போகும். கேமை இரவு நேரத்துக்கு மாற்றி, போனிலேயே இருக்கும் ஸ்கிரீன் ரிகார்டரை 20 விநாடி ஓடவிடு. விநாடிக்கு 30 என்றால் கையில் 600 படம்.

அதை அக்காவின் லேப்டாப்புக்கு மாற்றினான். அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அறுநூறையும் ஏற்றினால் லேப்டாப் தோசைக்கல் ஆகிவிடுகிறது என்பதால் பத்துக்கு ஒன்று எடுத்து, அறுபது. வீடியோவைப் படங்களாக உதிர்க்க எஃப்.எஃப்.எம்பெக், உதிர்த்ததைக் கூட்ட இமேஜ்மேஜிக். இரண்டும் இலவசம். கையாலேயே அடுக்க விரும்பினால் கிம்ப் இருக்கிறது, அதுவும் இலவசம்.

"கூட்டுறதுல மூணு வகை இருக்குண்ணா. மீன், மீடியன், மேக்ஸ்."

தூக்கி வாரிப் போட்டது. பி.காம். இரண்டாம் வருஷம் புள்ளியியல் தாளில் என்னைப் படுத்திய அதே சகோதரர்கள்! கூட்டுச் சராசரி, இடைநிலை... பரீட்சை முடிந்த அன்றே கை கழுவியவர்கள் ஒரகடம் டீக்கடையில் வந்து நிற்கிறார்கள். டீக்கடை பில் அட்டையின் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சாலையில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டு. வெளிச்ச அளவு 0 முதல் 255 வரை என்றால், அதற்கு 20. நூறு படங்களில் ஒரே ஒரு படத்தில் மட்டும் ஒரு ஹெட்லைட் அந்தப் புள்ளியைக் கடக்கிறது. அப்போது 250.

சராசரி எடுத்தால்? 99 இருபது 1,980. கூட 250. நூறால் வகுத்தால் 22.3. ஹெட்லைட் போன சுவடே தெரியாது. தண்ணீரைப் பாலாக்கவும், மேகத்தைப் பஞ்சாக்கவும், மழையைப் பனித்திரை ஆக்கவும் இதுதான் சரி. விளக்கு ரிப்பனுக்கு உதவாது.

மேக்ஸ், அதாவது உள்ளதில் பெரியது எது என்று பார்த்தால்? 250. ரிப்பன் பளிச்! கிம்ப்பில் இதற்கு 'லைட்டன் ஒன்லி' என்று பெயர்.

இடைநிலை எடுத்தால்? வரிசைப்படுத்தி நடுவில் நிற்பது 20. பஸ் வரவே இல்லை, யாருமே வரவில்லை. திருவிழாக் கூட்டத்தையும் துடைத்துவிடும் இது. (கூடப் படித்த மூன்றாவது சகோதரன் முகடு இதற்கும் பிரயோஜனப்படவில்லை. அவன் அப்போதும் அப்படித்தான்.)

நிஜக் கேமரா மட்டும் எப்படிக் கூட்டலிலேயே ரிப்பன் போடுகிறது என்று கேட்பீர்கள். நிஜ ஹெட்லைட் இருட்டுச் சாலையைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசம். நூறில் ஒரு பங்கு நேரம் வந்தாலும் தகட்டைச் சுட்டுவிட்டுப் போகும். ஸ்கிரீன்ஷாட்டில் சூரியனே வந்தாலும் 255-க்கு மேல் சம்பளம் கிடையாது. போதாததற்கு அந்த எண்களும் கண்ணுக்குத் தோதாக வளைக்கப்பட்டவை. 128 என்றால் பாதி வெளிச்சம் என்று நினைப்போம், உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான். வளைவை நிமிர்த்தாமல் சராசரி எடுத்தால் விளக்குகள் இன்னும் மங்கிப் போகும்.

கையால் அடுக்கும்போது எல்லோரும் சறுக்குகிற ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு படத்தையும் 50 சதவீதம் தெரிகிற மாதிரி மேலே மேலே வைத்தால் சராசரி வந்துவிடும் என்று தோன்றும். வராது. கடைசியாக வைத்ததற்குப் பாதிச் சொத்து, அதற்கு முந்தினதற்குக் கால், அதற்கும் முந்தினதற்கு அரைக்கால். பத்துப் படம் இருந்தால் அடியில் கிடக்கும் மூத்த பிள்ளைக்கு 512-ல் ஒரு பங்கு! கோர்ட்டுக்குப் போக வேண்டிய கேஸ். சம பங்கு வேண்டுமானால் முதல் படம் 100, இரண்டாவது 50, மூன்றாவது 33, நான்காவது 25, ஐந்தாவது 20... நூறை வரிசை எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும்.

இன்னும் இரண்டு விபத்துகளைத் தம்பி காட்டினான். ஒன்று, மணி மாலை. மணிக்கு 54 கிலோமீட்டரில் போகிற வண்டி விநாடிக்கு 15 மீட்டர். முப்பது படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை மீட்டர் இடைவெளி. பத்துக்கு ஒன்று என்று கஞ்சத்தனம் செய்தால் 5 மீட்டர். ரிப்பன் வராது, கோயில் சீரியல் பல்புதான் வரும். ஆகவே சராசரிக்கும் இடைநிலைக்கும் அறுபது போதும், ரிப்பனுக்கு மட்டும் அறுநூறையும் போட்டுத்தான் ஆக வேண்டும். லேப்டாப்பை டேபிள் ஃபேன் முன்னால் வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விடுவானாம். வண்டிகள் மெதுவாகத் திரும்பும் வளைவாகப் பார்த்துப் பஸ்ஸை நிறுத்துவது இன்னொரு தந்திரம்.

இரண்டாவது விபத்து, பிரேக் பெடல். திரையில் இருக்கும் ஸ்டீயரிங், பெடல், ஹாரன் பட்டன்களை மறைக்க மறந்துவிட்டான். அவைதான் நகராதவை ஆயிற்றே! அத்தனை அழகான படத்தில் எல்லாம் கரைந்து போக, பிரேக் பெடல் மட்டும் பாரிஸ் ஆசாமி மாதிரி ஜம்மென்று நின்றது.

முப்பது வருஷ எக்ஸ்போஷர்

இரண்டாவது டீ வந்தது. எனக்குச் சபலமும் வந்தது.

"தம்பி, இந்தப் படத்தையே நான் பத்திரிகைக்குக் கொடுத்துட்டா?"

"தாராளமா கொடுங்கண்ணா. யாருக்குத் தெரியப் போகுது?"

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, பஸ்ஸுக்குப் பின்னாடி கடை போர்டு இருக்கே, அது என்ன பாஷை?"

இந்தோனேசிய பாஷை. ஓர் அட்டைப் பெட்டிக் கடையின் பெயர்ப்பலகையால் என் மானம் தப்பியது. போர்டு இல்லாவிட்டாலும் அது தப்புத்தான். கேமில் எடுத்த படத்தைக் கேமில் எடுத்தது என்று சொல்லிக் காட்டினால் கலை, ஒரகடம் என்று சொல்லிக் காட்டினால் மோசடி. அந்த வித்தியாசம் டீ மாஸ்டருக்குத் தெரிந்த அளவு எனக்கு அந்த ஒரு நிமிஷம் தெரியவில்லை.

"அண்ணா, எனக்கு இன்னும் நாலு நாள்தான்" என்றான் தம்பி திடீரென்று. "பயிற்சி ஒப்பந்தம் முடியுது. எங்க செட்டுல யாரையும் நிரந்தரம் பண்ணல. ஓசூர்ல ஒரு இடம் சொல்லியிருக்காங்க. ரெண்டு வருஷம் இங்கே இருந்திருக்கேன். மெஷின் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ கிடையாது. அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க, எங்கடா வேலை செய்யறே, காட்டுடான்னு."

பன் தீர்ந்து போன கையைத் தட்டிவிட்டுச் சொன்னான்: "இப்ப சொன்னேனே மீடியன்... நாங்கெல்லாம் அதுல போறவங்கண்ணா. நூறுல ஒரு ஃப்ரேம்."

சட்டென்று பதில் வரவில்லை எனக்கு. அவன் சொன்னதை அந்தச் சாலைக்குப் பொருத்திப் பார்த்தேன். இந்த வட்டாரத்தையே முப்பது வருஷ எக்ஸ்போஷர் கொடுத்து எடுத்தால் என்ன விழும்? 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் வந்தன. ஹூண்டாய் அழுத்தமாக விழும். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லர் லாரிகள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா, ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சீருடை மாட்டி, 2014 நவம்பரில் கதவைச் சாத்தியது. முப்பதில் எட்டு, ஒன்பது வருஷம். லேசான நிழலாகத் தெரியலாம். அதில் வேலை பார்த்த பெண்கள்? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கையோடு ஒரு பிரம்மாண்ட விடுதி திறந்தார்கள். கட்டடம் விழும். படுக்கையில் படுத்து எழுந்து போகிறவர்கள்?

டகேரின் தெருவிலும் கூட்டம் இருந்தது. தகடுதான் அவர்களைப் பார்க்கவில்லை.

பன் பாட்டில் மேல் ஒரு கேமரா

"எழுந்திரு" என்றேன். "உன் முறையிலேயே உன்னை எடுப்போம்."

முக்காலியைத் தொடவில்லை. தம்பியின் போனைத் துடைத்து, பிசின் கறையைக் காரித் துப்பிச் சுரண்டி, டீக்கடைக் கல்லாவின் மேல் பன் பாட்டிலுக்கும் மிக்சர் பாட்டிலுக்கும் நடுவில் சொருகினேன். படம் எடுக்க வேண்டாம், வீடியோ எடு. டிரெய்லர் வந்து குலுக்கினால் அந்தச் சில ஃப்ரேம்களை மட்டும் பொறுக்கி எறிந்துவிடலாம். கேம் கற்றுக் கொடுத்த பெரிய பாடம் இதுதான். 30 விநாடி திறந்த ஷட்டரில் ஒரு நொடி குலுங்கினால் முழுப் படமும் பாழ். 900 துண்டுகளாக எடுத்தால் முப்பது போனாலும் 870 மிச்சம்.

(இது ஒன்றும் புது மாயமில்லை. ஐபோனில் 'லைவ் போட்டோ' என்று மூன்று விநாடி அசையும் படம் உண்டே, 2017-லிருந்து அதை ஒரு தடவல் தடவினால் லாங் எக்ஸ்போஷர் ஆகிவிடும். அதுவும் இதே துண்டுக் கூட்டல்தான். அந்தப் போன்களில் ஒரு பகுதி இதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் பக்கம்தான் தயாராகிறது. செய்கிறவர்கள் கைக்கு அது எட்டாது என்பது தனிக் கதை.)

பத்து மணி ஷிஃப்ட் விட்டது. வெள்ளை பஸ், மஞ்சள் பஸ், முன் கண்ணாடியில் கம்பெனிப் பெயர் ஒட்டிய வேன், ஷேர் ஆட்டோ, இருநூறு பைக். சாலையே ஆறாகப் பெருக்கெடுத்தது. தம்பி சாலை ஓரத்தில், அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு நின்றான்.

"ஆடாதே! நாற்பது விநாடி. பாரிஸ் ஆசாமியை நினைச்சுக்கோ."

"கண்ணு சிமிட்டலாமாண்ணா?"

"அது சராசரியில அடிபட்டுப் போகும். சிமிட்டு."

நின்றான். வாழ்க்கையில் ஒருவன் நாற்பது விநாடி சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன். கூட வேலை செய்கிறவர்கள் பஸ் ஜன்னலிலிருந்து பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒருத்தன் பின்னால் வந்து தலையில் தட்டிவிட்டு ஓடினான். அவன் திரும்பவில்லை. அசெம்பிளி லைனில் கற்ற பொறுமை.

மறுநாள் மாலை இரண்டு படம் அனுப்பினான். ஒன்று மேக்ஸ். தம்பிக்குப் பின்னால் ஒளி வெள்ளம். அவனைச் சுற்றிக்கொண்டு போகிற சிவப்பு ரிப்பன், வெள்ளை ரிப்பன். ஆசிரியருக்கு அனுப்பினேன். 'இது எந்த கேமரா?' என்று கேட்டார். 'பன் பாட்டில்' என்றேன்.

இன்னொன்று இடைநிலை. பஸ் இல்லை, பைக் இல்லை, தலையில் தட்டியவன் இல்லை. சுத்தமான, காலியான, அகலமான ஒரகடம் ரோடு. நடுவே ஒரு பையன், கழுத்தில் அட்டையோடு, ஊருக்கே அவன்தான் சொந்தக்காரன் மாதிரி. அவன் காலடியில், எங்கள் இருவர் கண்ணிலும் அன்று படாத டீக்கடை நாய் ஒன்று. நாற்பது விநாடியும் அசையாமல் தூங்கியிருக்கிறது. எத்தனை பஸ் போனாலும் அதற்கென்ன!

நூறில் ஒரு ஃப்ரேம் என்றவன், நூறிலும் இருந்தான்.

ஓசூர் போன பிறகு போன் செய்தான்.

"அம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேண்ணா. பிரிண்ட் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்காங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க. 'ஏன்டா, இவ்வளவு பெரிய ரோட்டுல நீ மட்டும் தனியா நிக்கிறியே, கம்பெனி பஸ்ஸை விட்டுட்டியா?'ன்னு கேட்டாங்க."